தொலைக்காட்சியின் மரண அறிவிப்பு

தோல்னா லிப்பா ஊரில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டிக்காக ஒட்டப்பட்ட மரண அறிவிப்பை ஏழு ஆண்டுகளாக மழை நனைக்கவில்லை. மழை குறைந்த ஊர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பல்கேரியாவின் அந்த மூலையில் அக்டோபரில் பிடித்தால் டிசம்பரில்தான் விடும். அந்த ஏழு ஆண்டுகளில் ஆற்று வெள்ளம் இரண்டு முறை பாலத்தின் மேல் ஏறியது, ஒரு முறை பாதிரியாரின் கோழிகளைக் கூண்டோடு கொண்டுபோனது. மரத்திலும் விளக்குக் கம்பத்திலும் ஒட்டியிருந்த மனிதர்களின் அறிவிப்புகள் வழக்கம்போல நாலைந்து நாளில் ஊறி, பெயர் கரைந்து, முகம் கரைந்து, கிழிந்து விழுந்தன. பர்வானின் மின்சாதனக் கடைக் கதவில் இருந்த அந்த ஒரு தாள் மட்டும் அச்சிட்ட அன்று எப்படி மொடமொடவென்று இருந்ததோ அப்படியே இருந்தது. துளிகள் அதன் விளிம்புவரை வந்து, ஒதுங்கி, இரண்டு பக்கமாக வழிந்து போயின.

அதை ஒட்டியவள் போய்கா. ஸ்பெயின் தேசத்தில் மூன்று வசந்தம் ஸ்ட்ராபெர்ரி பறித்துவிட்டு வந்தவள். அந்த வேலை தெரியாதவர்களுக்குச் சொல்வதென்றால், காலை ஏழு மணிக்குக் குனிந்தால் மதியம் இரண்டுக்கு நிமிரலாம், நிமிர முடிந்தால். அவள் கணவன் கென்கோ சுரங்கத்தில் இடுப்பு நொறுங்கி நாற்காலியோடு ஒடுங்கியவன். அவள் போன மூன்று வசந்தமும் பக்கத்து வீட்டார் கொடுத்த சூப்பைக் குடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி கிடந்தான். தனியே விட்டுப்போனதற்கு ஈடாக அவனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவளுக்கு மனசு அரித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் பர்வான் கடையிலேயே பெரிய பெட்டியை வாங்கினாள். அலமாரி அளவு இருந்தது. உள்ளே ஒரு பல்பு எரிந்து, பின்னாலிருந்து திரையில் படத்தைப் பாய்ச்சும் வகை. பர்வான் அதன் தலையைத் தட்டிக்கொடுத்து, "அக்கா, இது நம்ம ரெண்டு பேரையும் புதைச்சிட்டுத்தான் ஓயும்" என்றான். பதினான்கு மாதம் புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மல்யுத்தம் பார்த்தார்கள், துருக்கித் தொடர் பார்த்தார்கள், பெனால்டி உதைக்கும் நேரத்தில் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் அப்படி உட்கார்ந்ததில்லை.

ஒரு நவம்பர் மாலை பெட்டிக்குள் பட்டென்று சத்தம் கேட்டது, திரை இருண்டது. பல்பு போய்விட்டது. புதிய பல்பின் விலைக்கு இன்னொரு வசந்தத்தில் பாதியைக் குனிந்தே கழிக்க வேண்டும். அதுவும் ஒன்றரை வருஷத்துக்குமேல் தாங்காது என்று பெட்டியோடு வந்த புத்தகத்திலேயே பொடி எழுத்தில் போட்டிருந்தது. போய்கா உத்தரவாதச் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். அன்று சந்தை நாள், கடையில் நல்ல கூட்டம். பர்வான் சீட்டை வாங்கக்கூட இல்லை.

"கேரண்டி பெட்டிக்குத்தான் அக்கா. வெளிச்சத்துக்கு எவன் கேரண்டி குடுப்பான்? கார் வாங்கிக் குடுத்தா பெட்ரோலும் நானே போடணுமா?"

கூட்டம் சிரித்தது. சலவை இயந்திரம் பார்க்க வந்த அவளது ஒன்றுவிட்ட நாத்தனாரும் சேர்ந்து சிரித்தாள். பணத்தைக்கூட போய்கா விட்டுத் தொலைத்திருப்பாள். அந்தச் சிரிப்பை அவளால் விழுங்க முடியவில்லை. நேராக ஈமச்சடங்கு அலுவலகம் நடத்தும் நெவேனாவிடம் போய், பெட்டியின் புகைப்படத்தைக் கொடுத்து, முறைப்படி கறுப்புக் கரை போட்டு ஓர் அறிவிப்பு அச்சடிக்கச் சொன்னாள்: வயது ஒரு வருஷம் இரண்டு மாதம், விற்றவர் பர்வான். நெவேனா இருபது வருஷமாக ஒரே அச்சு வார்ப்பை வைத்து வேலை செய்பவள். ஊரில் பாதிப் பேரை அதில்தான் அனுப்பிவைத்தாள். பழக்க தோஷத்தில் பர்வானின் பெயரை அவள் எப்போதும் உறவினர் பெயர் போடும் இடத்திலேயே போட்டுவிட்டாள். அங்கே "ஆறாத் துயரத்தில் வாடும் குடும்பத்தார்" என்று இருந்தது. போய்கா படித்துப் பார்த்தாள். திருத்தச் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் மைதாவில் பசை காய்ச்சி, கடை திறந்திருக்கும்போதே கதவில் ஒட்டிவிட்டு வந்தாள்.

மரண அறிவிப்பை அந்த ஊரில் யாரும் கிழிக்க மாட்டார்கள். கிழித்த கையின் வீட்டில் அடுத்த அறிவிப்பு ஒட்ட வேண்டிவரும் என்ற பயம் பர்வானுக்கும் உண்டு. மழை பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டான். மழை ஒதுங்கிப் போனது. கடையில் இருந்த பதினொரு தொலைக்காட்சிகளும் அன்று மாலையே ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. துக்க வீட்டில் நாற்பது நாள் தொலைக்காட்சி போடக் கூடாது என்பது ஊர் வழக்கம். அவை அதை மதித்தன. பிளோவ்திவ் நகரத்திலிருந்து வந்த மெக்கானிக் ஒரு பெட்டியைத் தூக்கித் தெருவுக்கு எதிர்ப்பக்கம் வைத்துப் போட்டான், அழகாகப் படம் வந்தது. கடைக்குள் கொண்டுவந்தான், இருண்டது. மூன்று முறை தூக்கிப் பார்த்துவிட்டு, "யார் தவறிட்டாங்க?" என்று தொப்பியைக் கழற்றியபடி கேட்டான். பர்வான் பெட்டிகளை நடைபாதையில் பரப்பி விற்கப் பார்த்தான். தாளை விட்டுவைத்த மழை பெட்டிகளை விட்டுவைக்கவில்லை.

ஊர் அதைவிட மோசம். சிரித்த அதே ஜனம், துக்கம் விசாரிக்காமல் போனால் மரியாதையாக இருக்காது என்று, செத்தவர்களுக்கு வைப்பதுபோல் இரட்டைப்படையில் பூ வாங்கிக்கொண்டு வந்தது. சலவை இயந்திரத்து நாத்தனார் நான்கு செவந்தியோடு வந்து, செத்தவர்களுக்குச் சொல்லும் வழக்கப்படி, "கடவுள் மன்னிப்பாரு. சின்ன வயசு, பாவம்" என்று பர்வானின் கையைப் பிடித்து அழுத்தினாள். எதுவும் வாங்கவில்லை. துக்க வீட்டில் பேரம் பேசுவதாவது! நாற்பதாம் நாள் தாளில் இருந்த எழுத்துகள் தாமாக மாறி, "நீங்கி நாற்பது நாள்" என்று நின்றன. அதன்பின் ஆறாம் மாதம், ஆண்டு நிறைவு என்று மனிதர்களுக்கு வருகிற எல்லாத் தவணையும் அதற்கும் வந்தது. தவணை தோறும் கடை நாற்பது நாள் இருண்டது. பாதிரியார் மட்டும் இதற்கெல்லாம் சபையில் விதி இல்லை என்று முணுமுணுத்தார். ஆனால் ஆண்டு நிறைவுக்குப் படையலாகப் போய்கா வேகவைத்து எடுத்துவந்த சர்க்கரைக் கோதுமையை இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

போய்காவுக்கு அது பொற்காலம். கடைக்கு நேரெதிரே ஒரு மரப்பலகை இருந்தது. காலையில் கென்கோவுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, ஒரு பொட்டலம் சூரியகாந்தி விதையோடு வந்து அதில் உட்காருவாள். யாராவது கதவுவரை போய், தாளைப் படித்து, சிலுவைக் குறி போட்டுக்கொண்டு திரும்பினால் ஒரு விதையைக் கடித்துத் தோலைத் துப்புவாள். பர்வான் இளைத்தான். அவன் தலை நரைப்பதை அவள் வாரம் வாரம் கவனித்து, வீட்டுக்குப் போனதும் கென்கோவிடம் சொன்னாள். கென்கோ இருண்ட பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, அதில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பான்.

இரண்டாம் ஆண்டு பர்வான் ஒரு புதுப் பல்போடு வீட்டுக்கே வந்தான்.

"காசு வேணாம் அக்கா. நானே மாட்டித் தர்றேன். அந்தக் காகிதத்த மட்டும் எடுத்துடுங்க."

"செத்தவனுக்கு மருந்து வாங்கிட்டு வந்தியா? கொண்டு போ."

"மாட்டிட்டுப் போகட்டுமே போய்கா," என்றான் கென்கோ உள்ளிருந்து. "ஞாயித்துக்கிழமை மல்யுத்தம் இருக்கு."

"நீ சும்மா கெட. சந்தை நாள்ல, அத்தனை பேர் முன்னாடி இவன் மன்னிப்புக் கேக்கட்டும். அப்புறம் பாக்கலாம்."

பர்வான் மன்னிப்பும் கேட்டான், அடுத்த சந்தை நாளிலேயே, கதவருகே ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று. கூட்டம் உச்சுக்கொட்டியது. போய்கா ஒரு விதையைக் கடித்து, "சத்தம் பத்தல" என்றாள். அன்று மாலை கென்கோ ஒன்றே ஒன்று கேட்டான்: "சரி, பெட்டி வேணாம். நாளைக்கு ஒரு நாள் நீ இங்கயே உக்காரேன், சும்மா பேசிட்டு இருப்போம்." நாளை ஒன்றரை ஆண்டுத் தவணை, கடை இருளும், அதைப் பார்க்காமல் எப்படி என்று அவள் நினைத்தாள். "கடை மூடினதும் வந்துடறேன்," என்றாள். இப்படியே ஐந்து வருஷம் கடை மூடியதும் வந்துகொண்டிருந்தாள்.

ஏழாம் ஆண்டு மார்ச்சில், ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு, அவள் பலகையில் இருந்தபோது கென்கோ நாற்காலியிலேயே இறந்தான். சூப் கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரிதான் ஓடிவந்து சொன்னாள். போய்கா அதே நெவேனாவிடம் அச்சடித்தாள், அதே மைதாவில் பசை காய்ச்சினாள், வீட்டுக் கதவிலும் தேவாலய வாசலிலும் தெருமுனை மரத்திலும் ஒட்டினாள். மூன்றாம் நாள் மழை பிடித்தது. அவள் குடையோடு ஓடிப்போய் மரத்தடியில் நின்று தாளின் மேல் பிடித்தாள். குடைக்குள்ளேயே சாரல் நுழைந்து, முதலில் பெயர் கரைந்தது, பிறகு மீசை, பிறகு கண்கள். மறுபடி அச்சடித்து ஒட்டினாள். அதையும் நாலு நாளில் மழை கொண்டுபோனது. பசையில் குறையில்லை. நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவனுக்குப் பிடிக்காத பசை, ஒரு பல்புக்குப் பிடித்திருந்தது.

ஈரத் தலையோடு நேரே கடைக்குப் போனாள். பர்வான் வெளியே வந்தான். அவன் இப்போது பேட்டரியும் மெழுகுவத்தியும் மட்டும் விற்றுக்கொண்டிருந்தான். கென்கோவின் சவப்பெட்டிக்குப் பின்னால் கடைசிவரை நடந்து வந்தவனும் அவன்தான். போய்கா தாளின் கீழ் மூலையில் நகத்தை வைத்தாள். ஏழு வருஷம் மழைக்கும் காற்றுக்கும் அசையாத மூலை, அவள் விரலுக்குப் பால் ஆடைபோல எழுந்து வந்தது. ஒரே இழுப்பில் வந்துவிடும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

"எடுத்துடுங்க அக்கா," என்றான் பர்வான், மெதுவாக.

அவள் அவனைப் பார்த்தாள். இது போய்விட்டால், அந்த ஏழு வருஷமும் கென்கோவைத் தனியே உட்காரவைத்தது யார் என்ற கேள்விக்கு அவள் ஒருத்தி பெயர்தான் மிஞ்சும். அதைத் தூக்கிக்கொண்டு வெற்று வீட்டுக்குப் போக அவளுக்குத் தெம்பில்லை. அவன்மேல் கோபம் திரும்பி வந்தது, வந்ததில் அவளுக்கு ஒரு நிம்மதியும் இருந்தது.

"உன்னாலதான்டா," என்றாள். கட்டைவிரலில் எச்சில் தொட்டு, மூலையைக் கதவோடு அழுத்தி, காயும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள். பர்வான் உள்ளே போய் மெழுகுவத்திகளை அடுக்கத் தொடங்கினான்.

கென்கோவுக்கு மூன்றாவது முறை அவள் அச்சடிக்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தின வாரம் நகராட்சி கடைத்தெருக் கதவுகளுக்கெல்லாம் பச்சை வண்ணம் அடித்தது. பர்வானின் கதவுக்கு வந்த பெயிண்டர், யாரும் சொல்லாமலே, அந்தத் தாளைச் சுற்றி நாலு விரல் இடம் விட்டு அடித்துவிட்டு அடுத்த கதவுக்குப் போனான்.