ரெண்டு பென்சில் பேட்டரி

அப்பா மலையாண்டிக்குப் பக்கவாதம் வந்து நாற்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. அன்புமொழி நாள் எண்ணுகிற ஆள் இல்லை. அவள் வேலை பார்க்கும் பார்சல் ஆபீஸ் மேனேஜர் ரெங்கராஜ்தான் எண்ணிக்கொண்டிருந்தார். இந்தத் திங்கள் விட்டு அடுத்த திங்கள் வேலைக்கு வராவிட்டால் வேறு ஆள் போட வேண்டியிருக்கும் என்று போனில் சொன்னார். கத்திச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. ரொம்ப மரியாதையாகச் சொன்னார், அதுதான் பயமாக இருந்தது.

கீரனூரிலிருந்து திருச்சிக்குப் பதினாறு வருஷமாகப் பஸ்ஸில் போய் வருகிறவள் அவள். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களும் ஓய்ந்துபோய்விட்டார்கள். அம்மா போய் ஆறு வருஷம். சென்னையில் இருக்கும் தம்பி அருள்மணி வாரத்துக்கு ரெண்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவான். அப்பாவுக்கு நம்பிக்கை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பான். சென்னையிலிருந்து நம்பிக்கை கொடுப்பதில் என்ன சிரமம்? ஈரத் துண்டைப் பிழிந்து முதுகு துடைக்கிறவளுக்குத்தானே இடுப்பு வலிக்கிறது.

அப்பாவுக்குப் பேச்சு குழறலாகத் திரும்பிவிட்டது. கம்பை ஊன்றி பாத்ரூம் வரைக்கும் போய்விடுவார். மத்தியானம் வந்து சோறு போட்டு வைக்கப் பக்கத்து வீட்டு ராஜலட்சுமி சம்மதித்துவிட்டாள். வலது கைதான் வழிக்கு வரவில்லை. அடுத்த வீட்டுப் பொம்பளை ஊட்டி அவர் சாப்பிட மாட்டார். சரி, இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடலாமே என்றாள்.

"பீச்சாங்கையாலயா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

முப்பது வருஷம் அந்த இடது கையால் கியர் போட்டு அரசு பஸ் ஓட்டியவர். புதுக்கோட்டைக்கும் ஆலங்குடிக்குமாக எத்தனையோ ஜனங்கள் அந்தக் கையை நம்பித்தான் போய் வந்தார்கள். சோறு தின்ன மட்டும் அது ஆகாதாம். ஆக, அந்த வலது கை ஒரு ஸ்பூனைத் தூக்கினால் அன்புமொழிக்கு வேலை உண்டு, தூக்காவிட்டால் இல்லை.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பிராங்க்ளின் ஒரு ஸ்பாஞ்ச் பந்து தந்துவிட்டுப் போனான். மலையாண்டி அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். மறுபடி எடுத்துக் கொடுத்தால் மறுபடி தள்ளினார். கட்டைவிரல் வேலை செய்ய வேண்டும், பட்டன் அமுக்குகிற மாதிரி ஏதாவது கொடுத்துப் பாருங்கள் என்று பிராங்க்ளின் சொன்னபோதுதான் அவளுக்கு அந்த வீடியோ கேம் ஞாபகம் வந்தது.

ஒன்பதாம் வகுப்பு படிக்கையில் சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா கொடுத்தது. உள்ளங்கைக்குக் கொஞ்சம் பெரியது. மேலிருந்து கட்டைகள் விழும், திருப்பித் திருப்பி இடுக்கில் அடுக்க வேண்டும், ஒரு வரிசை நிறைந்தால் காணாமல் போகும். ரெண்டு பென்சில் பேட்டரி போட வேண்டும். அது தீர்ந்துவிட்டால் உலகமே தீர்ந்த மாதிரி. பேட்டரியைப் பல்லால் கடித்துப் பார்ப்பாள், வெயிலில் காய வைப்பாள். அப்பா டூட்டிக்குக் கிளம்பும்போது வாசல் வரை போய், "பேட்டரிப்பா, மறந்துறாதீங்க" என்பாள். "ஞாபகம் இருந்தா பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போவார். பெரும்பாலும் ஞாபகம் இருக்காது.

பத்தாம் வகுப்பில் பொங்கல் கழிந்ததும் அதைப் பிடுங்கிக்கொண்டார். பரீட்சை முடிந்ததும் தருவதாகச் சொன்னார். பரீட்சை முடிந்த அன்று கேட்டதற்கு, பஸ்ஸில் வைத்தேன், எவனோ எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்றார். மூன்று நாள் அழுதாள். ஒரு பொம்மைக்கா இந்த அழுகை என்று அதற்கும் திட்டு வாங்கினாள்.

அப்பாவுக்கு மருந்து வாங்கப் புதுக்கோட்டை போனவள், கீழ ராஜ வீதியில் ஒரு ஃபேன்ஸி கடையில் சும்மா கேட்டுப் பார்த்தாள். இருந்தது. நிறம்தான் மஞ்சள், மற்றதெல்லாம் அதே. வீட்டுக்கு வந்து பேட்டரி போட்டு அவர் கையில் வைத்தாள். இந்தப் பட்டன் திருப்புவதற்கு, இது நகர்த்துவதற்கு என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

அதற்குள் அவருடைய வலது கட்டைவிரல் நடுங்கி நடுங்கி அந்தப் பெரிய பட்டன் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. முதல் கட்டையைத் திருப்பி ஓரத்தில் அடுக்கினார். அடுத்தது மெதுவாக, அடுத்ததும் மெதுவாக. நெட்டைக் கட்டை வந்ததும் அதை நிமிர்த்தி, அதற்காகவே விட்டு வைத்திருந்த சந்தில் இறக்கினார். நாலு வரிசை ஒரே அடியாய்க் காணாமல் போனது. புதிதாக ஆடுகிறவன் யாரும் நெட்டைக் கட்டைக்கென்று இடம் விட்டு வைக்க மாட்டான்.

"இது ஒங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆட்டம் முடிந்து அது ஒரு பாட்டுப் பாடி ஓய்ந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"ஆலங்குடியில பத்து நிமிசம் வண்டி நிக்கும்."

அன்றைக்கு அதை எவனும் எடுத்துக்கொண்டு போகவில்லை என்று அன்புமொழிக்கு விளங்கிவிட்டது. எத்தனை நாள் என்று கேட்டாள். உடைகிற வரைக்கும், ரெண்டு வருஷம் என்றார். பேட்டரிக்கு என்ன செய்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. ரெண்டு வருஷமும் அவருக்கு அது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்திருக்கும்.

வயிறு எரிந்தது. இத்தனை வயசுக்கு மேல் ஒரு விளையாட்டுச் சாமானுக்காக வயிறு எரிகிறதே என்று அதற்கும் சேர்த்து எரிந்தது. அடுப்படியில் போய் நாலு பாத்திரத்தை உருட்டினாள். நிறுத்தி நிதானமாய் ஒரு சண்டை போடலாம் என்றால் உடம்பில் தெம்பில்லை. சோறு வேறு குழைந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு காலையும் மாலையும் அவருக்கு அதே வேலைதான். பிராங்க்ளினுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கட்டைவிரலைத் தொடர்ந்து மற்ற விரல்களும் ஒவ்வொன்றாக மடங்க ஆரம்பித்தன. ஒரு ஆட்டம் கொடுங்கள் என்று அன்புமொழி ரெண்டு தடவை கேட்டாள். "இருத்தா" என்று தோளைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கெடுவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வலது கையில் ஸ்பூனைப் பிடித்துத் தயிர்சோறு சாப்பிட்டார். முக்கால் மணி நேரம் ஆனது, பாதி சட்டையில் கிடந்தது. அவள் எழுந்து போய் ஊட்டிவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். ஒன்றரை மணிக்கு அப்பாவிடமிருந்து போன் வந்தது. விழுந்துவிட்டாரோ என்று கையில் இருந்த பார்சலை அப்படியே வைத்துவிட்டு எடுத்தாள்.

"என்னப்பா? சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். பேட்டரி தீந்துபோச்சு. வரும்போது ரெண்டு வாங்கிட்டு வா."

உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"ஞாபகம் இருந்தா பாப்போம்" என்றாள்.

போனை வைக்கப் போனாள்.

"மறந்துறாதத்தா" என்றார்.

திருச்சி பஸ் ஸ்டாண்டில் ரெண்டு பேட்டரி வாங்கினாள். பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. கம்பியைப் பிடித்து நின்றபடி, மறந்துவிட்டேன் என்று சொல்லி இன்றைக்கு ஒரு நாள் அவரைக் காத்திருக்க வைத்தால் என்ன என்று கீரனூர் வருகிற வரைக்கும் யோசித்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் முதலில் பார்த்தது அவள் கைப்பையைத்தான். சட்டை முழுக்கத் தயிர்சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. தட்டு காலி.

மறந்துவிட்டேன் என்று அவளால் சொல்ல முடியவில்லை. முகம்கூடக் கழுவாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, செத்த பேட்டரிகளைக் கழற்றிப் புதுசைப் போட்டாள். அவர் வலது கையை நீட்டினார்.

"மொதல்ல நான்" என்றாள்.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். சுவர்ப் பக்கம் கொஞ்சம் நகர்ந்து, அவளுக்குக் காலைத் தூக்கி வைக்க இடம் விட்டார். கட்டைகள் விழ ஆரம்பித்தன. அவள் தோற்கும் வரைக்கும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சீக்கிரம் தோற்கவில்லை.