ஸயா மொழிபெயர்த்தது

ஜெயசீலி ஞானஸ்நானம் பெற்றதும் கல்யாணம் செய்துகொண்டதும் ஒரே தமிழ்ச் சபையில்தான். அந்தச் சபையின் போதகரான ஐயர் இறந்தபின் அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்கள் இரண்டு பெஞ்சுக்குள் அடங்கிப்போனார்கள். கட்டடத்துக்குச் சொந்தமான பர்மியச் சபையார் "இனி எங்களோடு சேர்ந்தே உட்காருங்கள்" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். தமிழ் வேதாகமங்களை ஓர் அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். 2006ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்பு அது நடந்தது.

"வேற சபை பாக்கணும்" என்றாள் ஜெயசீலி அன்று வீட்டுக்கு வந்ததும்.

அவள் கணவன் தேவநேசன் வாடகைக் கார் ஓட்டுகிறவன். எதையும் உடனே மறுக்கமாட்டான், உடனே ஒத்துக்கொள்ளவும் மாட்டான். "எல்லாம் ஒரே சாமிதானே" என்றான்.

"சாமி ஒண்ணுதான். பிள்ளைங்க ஜெபம் பண்ற பாஷையாவது நம்ம பாஷையா இருக்கட்டும்."

மகள் பெனினாவுக்கும் மகன் எபிக்கும் பள்ளிக்கூடத்தில் பர்மிய மொழி, தெருவில் பர்மிய மொழி, தங்களுக்குள் சண்டை போட்டாலும் பர்மிய மொழி. அம்மா தமிழில் கூப்பிட்டால் புரியும், பதில் மட்டும் பர்மிய மொழியில் வரும். அவர்களுக்குச் சேர்ந்தாற்போலத் தமிழ் தெரிந்தது பாட்டுப் புத்தகத்தில் இருக்கும் பாட்டுகள்தான்.

புது வருஷம் பிறந்ததும் குடும்பமாக ஒவ்வொரு சபையாகப் போய்ப் பார்த்தார்கள். லான்மடாவில் ஒரு பர்மியச் சபை. மரியாதையான மனிதர்கள், ஆராதனை முடிந்ததும் மொஹிங்கா என்ற மீன் குழம்புச் சேமியா பரிமாறினார்கள். ஜெயசீலிக்கு பர்மிய மொழி நன்றாகவே வரும். ஆனாலும் அங்கே கண்ணை மூடினால், இன்னொருத்தர் வீட்டில் விருந்தாளியாய் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. கியாக்டடாவில் ஆங்கில ஆராதனை நடக்கும் பெரிய கற்கோயிலுக்கும் போனார்கள். அவளுக்கு ஆங்கிலம் தெரியும். ஒரு கப்பல் ஏஜெண்டின் ஆபீசில் அவளுக்கு அதுதான் வேலையே. தேவநேசனுக்குத் தெரியாது. பிரசங்கம் முழுக்க அவன் மேலே சுற்றும் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும், "இங்க வந்தா நான் கார்லயே உக்காந்திருக்கேன்" என்றான்.

அப்புறம்தான் போட்டாதாங். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கிடங்கின் மாடியில் சபை நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், தகரக் கூரை, ஓர் எலக்ட்ரானிக் கீபோர்டு. பெரியவர்களுக்குத் தமிழிலும் பிள்ளைகளுக்கு பர்மிய மொழியிலும் பேசுவார்கள். பாட்டு மட்டும் எல்லாருக்கும் தமிழ். போதகர் பெயர் பால்தங்கம். எல்லாரும் பர்மிய வழக்கப்படி அவரை ஸயா என்றும், அவர் மனைவியை ஸயாமா என்றும் கூப்பிட்டார்கள்.

அடுத்த வாரமே ஸயா வீடு தேடி வந்துவிட்டார். தரையில் உட்கார்ந்து அவர்களோடு சாப்பிட்டார். எழுந்து போகும்முன், "பிரதர், நீங்க ஜெபம் பண்ணுங்க" என்று தேவநேசனைக் கேட்டார். இத்தனை வருஷத்தில் எந்தச் சபையிலும் யாரும் அவனை ஜெபம் செய்யச் சொன்னதில்லை. அவன் தடுமாறித் தடுமாறி நாலு வாக்கியம் சொன்னான். ஸயா சத்தமாக "ஆமென்" என்றார். தேவநேசன் முகம் அன்று இருந்த இருப்பை ஜெயசீலி வெகுநாள் நினைத்துச் சந்தோஷப்பட்டாள்.

மழைக்காலத்தில் எபிக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஸயா வார்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் குளிக்கப் போன நேரத்தில் பிள்ளைக்கு ஈரத்துணி போட்டதும் அவர்தான். அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. நால்வரும் சபையில் முறைப்படி சேர்ந்தார்கள். சீக்கிரமே தேவநேசனை மூப்பராக்கினார்கள்.

2008இல் நர்கிஸ் புயல் வந்து சபையின் தகரக் கூரையைப் பிய்த்து எறிந்தது. அப்போது ஜெயசீலி வீடு வீடாகப் போய் புயலில் வீடிழந்த டெல்டா மக்களுக்குத் துணி சேர்த்தாள். தன் பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன உடுப்புகளையும் துவைத்து மடித்து அந்த மூட்டையில் வைத்தாள். சபை கூரைக்குப் பதில் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு கூடியது. சில மாதங்களில் வெளிநாட்டு விசுவாசிகள் உதவி செய்ய வருவதாக ஸயா அறிவித்தார். அவர்கள் வார நாட்களில் வந்து போனார்கள். ஜெயசீலி ஆபீசில் இருப்பாள், ஒருமுறையும் பார்த்ததில்லை. விமான நிலையத்திலிருந்து அவர்களைக் கூட்டிவருவது தேவநேசன்.

மறுவருஷம் ஏப்ரலில், பள்ளி விடுமுறை. ஸயாமா பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு நடத்தினாள். பெனினாவும் எபியும் தினமும் போனார்கள். திங்யான் தண்ணீர்த் திருவிழா முடிந்து ஆபீஸ் திறந்த வாரத்தில், ஒரு புதன்கிழமை ஜெனரேட்டர் பழுதாகி, மானேஜர் மத்தியானத்திலேயே எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகலாமென்று ஜெயசீலி போட்டாதாங்குக்கு பஸ் ஏறினாள்.

மாடிப்படி முடிவில் பிள்ளைகளின் செருப்புகளோடு பெரிய பெரிய தோல் ஷூக்களும் கிடந்தன. உள்ளே பாட்டு முடிந்து கைதட்டினார்கள். அவள் சத்தமில்லாமல் கதவோரம் போய் நின்றாள்.

பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். எதிரே நாற்காலிகளில் வெளிநாட்டார் ஐந்து பேர். பெனினா முன்வரிசையில், பச்சைக் கவுன் போட்டிருந்தாள். ஜெயசீலி காலையில் அவளுக்கு மஞ்சள் உடுப்பு மாட்டி அனுப்பியிருந்தாள். இந்தப் பச்சைக் கவுன் புயல் மூட்டையில் வைத்தது. முழங்காலுக்கு மேலே ஏறி, அக்குளில் தையல் விட்டிருந்தது. எபியின் சட்டையும் அந்த மூட்டையில் போனதுதான்.

ஸயா பெனினாவின் தோளில் கை வைத்தபடி ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்.

"இவளுடைய அப்பா அம்மா டெல்டாவில் மீன் பிடித்துப் பிழைத்தவர்கள். புயலில் அலை இருவரையும் கொண்டுபோய்விட்டது. இவளும் தம்பியும் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தப்பினார்கள். இப்போது நாங்கள்தான் இவர்களுக்கு எல்லாம்."

ஜெயசீலிக்கு முதலில் கோபம் வரவில்லை. வேறு யாரோ ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறார், தனக்குத்தான் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தாள்.

நரைத்த தலையுள்ள ஒரு வெளிநாட்டுப் பெண்மணி எழுந்து வந்து பெனினாவின் முன் மண்டியிட்டாள். "கண்ணே, அம்மாவை நினைத்துக்கொள்வாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

ஸயா குனிந்து பெனினாவிடம் பர்மிய மொழியில், "இந்த ஆன்ட்டிக்கு உன் பாட்டு பிடிச்சிருக்காம். உனக்கு எந்தப் பாட்டு ரொம்பப் பிடிக்கும்?" என்றார்.

பெனினா சிரித்தாள். "இப்ப பாடினோமே, அதுதான். அம்மா சொல்லிக்கொடுத்த பாட்டு."

ஸயா நிமிர்ந்து ஆங்கிலத்தில் சொன்னார்: "கனவில் அம்மா வருகிறாளாம். வந்து பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாளாம்."

அந்தப் பெண்மணி பெனினாவை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள். பெனினா ஒன்றும் புரியாமல் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

ஜெயசீலி கூடத்தின் நடுவுக்கு வந்துவிட்டாள். "நான்தான் இவள் அம்மா" என்றாள், தெளிவான ஆங்கிலத்தில். "நான் உயிரோடு இருக்கிறேன்."

எபி, "அம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டான்.

ஸயாவின் முகம் ஒரு கணம்தான் மாறியது. உடனே சிரித்தார். "இவர் எங்கள் சகோதரி. இந்த அநாதைகளைத் தாயைப்போல் பார்த்துக்கொள்கிறவர். பிள்ளைகள் எல்லாரும் இவரை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்."

நரைத்த தலைப் பெண்மணி ஈரக் கண்களோடு எழுந்து வந்து ஜெயசீலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "கடவுள் உங்களை ஆசீர்வதிப்பார்" என்றாள்.

"இல்லை. நான் பெற்ற பிள்ளை. நான்..."

ஸயா அருகில் வந்தார். சிரிப்பு மாறாமல் தமிழில் மெல்லச் சொன்னார். "சிஸ்டர், வீட்டுக்குப் போங்க. பிரதர் தேவநேசனுக்கு எல்லாம் தெரியும். அவர் சம்மதிச்சுத்தான் நடக்குது. அவர்கிட்டயே கேளுங்க."

அதற்குப் பிறகு ஜெயசீலிக்கு ஆங்கிலத்தில் ஒரு வார்த்தையும் வரவில்லை. தமிழிலும் வரவில்லை. பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"இன்னும் நாடகம் முடியலையே அம்மா" என்றாள் பெனினா தெருவில். அதற்காகத்தான் பழைய உடுப்பு என்று ஸயாமா சொல்லியிருந்தாளாம்.

சாயங்காலம் தேவநேசன் வந்தான். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவள் கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

அவன் எது என்று கேட்கவில்லை. கார் சாவியை மேசைமேல் வைத்தான். "கூரை போடப் பணம் வேணும்ல ஜெயா. நம்ம பிள்ளைங்களுக்கு என்ன கெடுதல்? பாட்டுப் பாடுறாங்க, அவ்வளவுதான்."

"நான் செத்துட்டேன்னு சொல்றாரு."

"அது வெளியூர்க்காரங்களுக்குச் சொல்றது. நம்ம சனங்க யாருக்கும் தெரியாது."

"நீங்களும் செத்துட்டீங்க. அது தெரியுமா? அப்புறம் கார்ல கூட்டிட்டு வந்தது யாரு?"

அவன் கார் சாவியை மறுபடி கையில் எடுத்தான்.

"அவங்க கேக்கலையா, நீங்க யாருன்னு?"

"ஸயா 'டிரைவர்'ன்னாரு." அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான். "நான் தலையாட்டினேன்."

"பிள்ளைங்க கார்ல இருந்தாங்களா அப்போ?"

"ஒருதடவை எபி இருந்தான். தூங்கிட்டான்."

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தேவநேசன் குரல் உயர்ந்தது. "என்னை மனுசனா மதிச்ச ஒரே இடம் அது. உன் பழைய கோயில்ல என்னை யாரு கண்டா? மூப்பர்னு கூப்பிட்டாங்களா? அவர் ஒண்ணு கேக்கும்போது எப்படி மாட்டேன்னு சொல்றது? எபிக்கு முடியாதப்ப அவர் வந்து உக்காந்தாரே, அது பொய்யா?"

அதுதான் அவளுக்கும் விளங்கவில்லை. பிள்ளைக்கு ஈரத்துணி போட்ட கை பொய்யில்லை. அதே கை இன்று பெனினாவின் தோளில் இருந்தது.

மறுநாள் அவள் ராதாவைத் தேடிப் போனாள். ராதா இந்துக் குடும்பத்திலிருந்து வந்து சபையில் சேர்ந்தவள். துணி சேர்க்கக் கூடவே நடந்தவள். அவள் மகனும் அந்த வரிசையில் நின்றிருந்தான். ஜெயசீலி நடந்ததைச் சொல்லச் சொல்ல, ராதா முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"எனக்குத் தெரியும் அக்கா" என்றாள் கடைசியில்.

"தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத்தான் இங்கிலீசு புரியும், மனசு கஷ்டப்படுவீங்க, சொல்லக்கூடாதுன்னு ஸயா சொல்லியிருந்தாரு."

ஜெயசீலி ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள். ஞாயிறுதோறும் கை கொடுத்தவர்கள், எபிக்காக உபவாசம் இருந்தவர்கள், அவள் வீட்டில் சாப்பிட்டவர்கள். "டெல்டாவுல நெசமாவே பெத்தவங்களை இழந்த பிள்ளைங்க இருக்குதே ராதா. அதுங்க பேரைச் சொல்லி..." என்றாள். ராதா அழுதாள். ஆனால் சபையை விடுவதாகச் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு ஜெயசீலி பிள்ளைகளோடு லான்மடாவுக்குப் போனாள். தேவநேசன் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, தான் மட்டும் போட்டாதாங்குக்குப் போனான். ஒரு வருஷத்துக்குமேல் அப்படியே நடந்தது. வீட்டில் சமையல், பள்ளிக்கூடம், கார் ரிப்பேர் எல்லாம் பேசினார்கள். அதை மட்டும் பேசவில்லை. கிடங்கின் மாடிக்குப் புதுக் கூரை வந்துவிட்டதாக யாரோ சொல்லி அவளுக்குத் தெரிந்தது.

லான்மடாவ் போதகர் ஒருநாள், "எங்களோடு சேர்ந்துவிடுகிறீர்களா?" என்று கேட்டார். நல்ல மனிதர். அவர் கேட்டது நல்ல எண்ணத்தில்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அப்படித் தெரிவதை நம்பத்தான் இப்போது பயமாக இருந்தது. "இன்னும் கொஞ்சநாள் போகட்டும் ஸயா" என்றாள். ஸயா என்ற அந்த வார்த்தையைச் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது.

2010 மழைக்காலம் முடியும்போது பால்தங்கம் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார். மூப்பர்களிடம்கூடச் சொல்லவில்லை. தேவநேசன் ஞாயிறு காலை போய்ப் பார்த்தபோது மாடிக் கதவு பூட்டியிருந்தது. கீழே வந்து காரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்ததாக ராதாதான் சொன்னாள்.

"அடுத்த வாரம் நானும் லான்மடாவ் வர்றேன்" என்றான் அவன்.

"வாங்க. அதுக்கு முன்னாடி பிள்ளைங்ககிட்ட நீங்களே சொல்லணும். நான் இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லலை."

சனிக்கிழமை சாப்பாட்டின்போது அவன் சொன்னான். பிள்ளைகளுக்கு நன்றாகப் புரியட்டுமென்று பர்மிய மொழியிலேயே சொன்னான். வாக்கியங்கள் பாதியில் நின்றன. எபிக்கு நினைவே இல்லை. கேட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தான். பெனினா தட்டைத் தள்ளி வைத்தாள். ஒன்றரை வருஷத்தில் அவள் வளர்ந்திருந்தாள்.

"அந்த ஆன்ட்டி ஏன் அழுதாங்கன்னு நான் எத்தனை நாள் யோசிச்சேன்" என்றாள். பிறகு, "நாங்க உங்க பிள்ளைங்கன்னு ஒருத்தர்கிட்டயாவது சொன்னீங்களா அப்பா?" என்று கேட்டாள்.

தேவநேசன் தட்டைப் பார்த்துச் சோற்றைப் பிசைந்தான். ஜெயசீலி எழுந்து தண்ணீர் ஊற்றி வைத்தாள். அவனுக்காகப் பேச அவளிடம் ஒன்றுமில்லை.

மறுநாள் நால்வரும் போனார்கள். நாலு பேரும் ஒரே சபையில் உட்கார வேண்டும் என்றுதான் அவள் அத்தனை ஞாயிறும் அலைந்தாள். தேவநேசன் பெஞ்சில் உட்கார்ந்து, மகளுக்காகத் தன் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டான். பெனினா அதைப் பார்த்தாள். ஆனாலும் சுற்றி வந்து அம்மாவின் மறுபக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பர்மிய மொழியில் பாட்டு ஆரம்பித்தது. எல்லாரும் எழுந்து நின்றார்கள்.