பத்திரிகைக்கு ஒரு மறுப்பு

அன்று தலைமையாசிரியர் அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். மேசைக்குப் பின்னால் தலைமையாசிரியர். அவருக்கு இடப்பக்கம், மடியில் சேர்க்கைப் பதிவேட்டோடு கிளார்க். எதிரே, மின்விசிறிக்கு நேர்கீழே மருந்துக்கடைக்காரர். கதவோரத்து பெஞ்சின் விளிம்பில், எழுந்து போகச் சொன்னால் உடனே போய்விடலாம் என்பதுபோல அவர் மனைவி. சுவரோரம், தப்பு செய்த பிள்ளைகளை உட்காரவைக்கிற முக்காலியில் தமிழ் டீச்சர். யாரைப் பற்றிய பேச்சோ, மருந்துக்கடைக்காரரின் அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் அங்கே இல்லை. பதினெட்டு நாளாக அவள் பள்ளிக்கே வரவில்லை.

பள்ளி ஆண்டின் கடைசி வேலைநாள். இந்த நாளில் டீச்சர் தன் அக்காவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதுவாள். செய்தது, செய்யாமல் விட்டது, வரும் ஆண்டில் செய்ய நினைப்பது என்று மூன்று தலைப்பு. முதலில் வரைவு, பிறகு திருத்தி எழுதிய படி. இருபத்திரண்டு வருடமாக இதில் மாற்றமில்லை. இந்த முறை மூன்றாம் தலைப்பைத்தான் மனத்தில் மெருகேற்றி வைத்திருந்தாள். ஜூனில் அவளுடைய முதல் கதைத்தொகுப்பு வரவிருந்தது. ஆனால் இரண்டாம் தலைப்புக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அதற்குள் இங்கே கூப்பிட்டுவிட்டார்கள்.

நடந்தது இதுதான். 'என் வீடு' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது அந்தப் பெண் எழுதியிருந்தாள்: அப்பா கதவைச் சாத்தினால் அம்மா ஓடிப்போய் முதலில் ரேடியோவைச் சத்தமாக வைப்பாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று. டீச்சர் எழுத்துப்பிழைகளைத் திருத்தி, கீழே சிவப்பு மையில் 'நன்று, இன்னும் எழுது' என்று போட்டாள். பெண்ணும் எழுதினாள், நான்கு வாரம். டீச்சர் அதை யாரிடமாவது போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில் கதை எழுதினாள். அப்பாவை வங்கிக்காரர் ஆக்கினாள், வீட்டை மாடிக்கு ஏற்றினாள், பெண்ணைப் பையனாக்கினாள். ரேடியோவை மட்டும் விட மனம் வரவில்லை; கதையே அதில்தான் நின்றது. கடை மேசையில் யாரோ விட்டுப்போன பத்திரிகையில் மருந்துக்கடைக்காரர் அதைப் படித்தார்.

"கதை நல்லாத்தான் இருந்துச்சு டீச்சர்," என்றார் அவர். சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மாத்திரை கொடுக்கிற அதே குரல். "ரெண்டு தடவை படிச்சேன். அந்த ரேடியோ இடம் பிரமாதம்."

"பாத்துப் பேசுங்க சார், அடுத்த இதழ்ல நாம எல்லாரும் வந்துருவோம்," என்று கிளார்க் சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லை.

"சுருக்கமா சொல்லிடறேன்," என்றார் மருந்துக்கடைக்காரர் தலைமையாசிரியரிடம். " ஒண்ணு, டி.சி.யைக் குடுங்க. வேற ஸ்கூலெல்லாம் இல்லை, படிச்சவரைக்கும் போதும். இல்லைன்னா இந்த டீச்சரம்மா அந்தப் பத்திரிகைக்கு எழுதட்டும். பொண்ணு எழுதினது பொய், நான் நம்பி ஏமாந்துட்டேன்னு. அப்படி எழுதினா ஸ்கூல் தொறக்கற அன்னிக்கே பொண்ணை அனுப்பறேன்."

டீச்சர் கதவோரம் திரும்பினாள். "அம்மா, நீங்க சொல்லுங்க. அவ எழுதினது பொய்யா?"

அந்த அம்மாள் கணவரைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். "எங்க வீட்ல ரேடியோவே இல்லைங்க."

"இப்ப இல்லை," என்றார் கணவர்.

டீச்சர் தலைமையாசிரியர் பக்கம் திரும்பினாள். "சார், இதை விசாரிக்கச் சொல்லி மேல எழுதலாம் சார்."

"எதை வச்சு?" தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க கதையை வச்சா?"

"கட்டுரை நோட்டு இருக்கே சார்."

"எந்த நோட்டு?" என்றார் மருந்துக்கடைக்காரர் நிதானமாக. திருத்திய நோட்டை மறுநாளே பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுத்துவிடுவது டீச்சரின் ஒழுங்கு. ஒருநாள்கூடத் தவறியதில்லை. அந்த நோட்டு இனி எங்கும் இருக்காது என்று அவர் கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

கிளார்க் டி.சி. புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். தாளுக்கு அடியில் கார்பனைச் செருகினார்.

"இருங்க," என்றாள் டீச்சர். "எழுதறேன். ஆனா பொண்ணு பொய் சொன்னான்னு எழுத மாட்டேன். பொய் சொன்னது நான்னு எழுதறேன். அவ பேச்சே அதுல வராது."

மருந்துக்கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். "யார் சொன்னா என்ன? பொய்னு அச்சுல வரணும், அவ்வளவுதான்."

"ஏம்மா, யோசிச்சுக்கோங்க," என்றார் தலைமையாசிரியர். "நிர்வாகமும் அந்தப் பத்திரிகையைப் படிக்கும். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

"படிக்கட்டும் சார்."

தொகுப்பைப் போடவிருந்த பதிப்பாளரும் படிப்பார். அதை அவள் சொல்லவில்லை.

மேசை மூலையில் தாளை வைத்துத் தேதி போட்டாள். ஓரத்தில் கோடு போட்டாள். 'சென்ற இதழில் வெளிவந்த என் கதையில் உள்ள எதுவும் உண்மையல்ல. மதிப்புள்ள ஒரு குடும்பத்தைத் தவறாகச் சித்திரித்துவிட்டேன். அதற்காக மன்னிப்புக் கோருகிறேன்.' மூன்று வரி எழுத அரைமணி நேரமாயிற்று. மருந்துக்கடைக்காரர் வாங்கி, உதடு அசையப் படித்தார்.

"'தவறாக' பத்தாது டீச்சர். 'வேண்டுமென்றே'ன்னு போடுங்க."

அவள் அடித்து எழுதினாள். பிறகு வேறு தாளில் முழுவதையும் நல்ல கையெழுத்தில் எழுதிக் கையொப்பமிட்டாள். அடித்த தாளை அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு. இனிமே கட்டுரை கிட்டுரையெல்லாம் வேண்டாம். பரீட்சைக்கு என்ன வேணுமோ அதை மட்டும் எழுதட்டும்."

டீச்சர் தலையாட்டினாள். "தொறக்கற அன்னிக்கு வந்துருவா இல்லையா?"

"சொன்னா சொன்னதுதான்."

பெஞ்சில் அந்த அம்மாள் முதல்முறையாக நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள். அது நன்றியா, வேறு ஏதாவதா என்று டீச்சருக்குப் பிடிபடவில்லை. பார்வை இரண்டு நொடிதான் நின்றது. "எந்திரி," என்றார் கணவர்.

கிளார்க் மறுப்பை உறையிலிட்டு அதன் வாயைப் பசை தடவி ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினார். அனுப்புகைப் பதிவேட்டில் எண் போட்டு, முதுகில் பள்ளி முத்திரையைக் குத்தினார். "நாலு மணிக்குத் தபால் எடுத்துருவாங்க, சீக்கிரம் போய்யா," என்று பியூனை விரட்டினார். மருந்துக்கடைக்காரர் ஜன்னலோரம் நின்று, சைக்கிள் வாசலைத் தாண்டித் தெருவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.