சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்

மாலையைப் போட்ட கையின் ஈரம் காய்வதற்குள் நாச்சியப்பன் பென்டிரைவைக் கேட்டுவிட்டான்.

"அக்கா, தப்பா நினைக்காதீக. கம்பெனிச் சாவி ஒண்ணு அண்ணன்கிட்ட இருந்துச்சு. கறுப்பா, சின்ன பென்டிரைவ். எங்க வச்சிருப்பாகன்னு தெரியுமா?"

பொன்னுத்தாயி ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு அடியில் மலையாண்டி நாடிக்கட்டும் நெற்றியில் ஒற்றைக் காசுமாகக் கிடந்தான். நேற்றுச் சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தன் காலாலேயே ஆட்டோவில் ஏறியவன். புருஷனுடைய முதலாளி கேதத்துக்கு வந்து கேட்கிற முதல் கேள்வி இது என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

நாச்சியப்பன் வெறுங்கையோடு வரவில்லை, அதையும் சொல்ல வேண்டும். மாலையோடு ஒரு கேமராக்காரனையும் கூட்டி வந்திருந்தான். காரைக்குடியில் பாதி ஊருக்குக் கேபிளும் இன்டர்நெட்டும் கொடுக்கிறவன் அவன். கல்யாணம், அறுபதாங் கல்யாணம், கேதம், எதுவானாலும் கேமராவை வைத்துத் தன் இணையதளத்தில் நேரலை ஓட்டுவான். கடல் கடந்து கிடக்கிற சொந்தக்காரர்கள் அங்கிருந்தே பார்த்து அழுவார்கள், சிரிப்பார்கள்.

பொன்னுத்தாயியின் ஒரே மகன் உதயகுமார் சிங்கப்பூரில், கடலுக்குள் ஒரு தீவில் இருக்கிற எண்ணெய் ஆலையில் வேலை பார்க்கிறான். ஆலைக்குள் கைப்போனுக்கு அனுமதி இல்லை. நாளை இரவு விமானத்துக்குத்தான் டிக்கெட் கிடைத்திருக்கிறது. அதுவரை பெட்டியில் வைத்திருக்கலாமே என்று அவள் கொழுந்தன் வீரணனிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

"நாளைக்குச் சனிக்கிழமை மதினி. சனிப் பொணம் தனிப் போகாது. இன்னொரு உசுரைக் கூட்டிக்கிட்டுப் போச்சுன்னா நீங்களா பொறுப்பு? கொள்ளி நான் வச்சுக்கிறேன்."

அப்போதுதான் நாச்சியப்பன் சொன்னான், உதயகுமார் அங்கே ஆபீஸ் கம்ப்யூட்டரில் நேரலை பார்க்கட்டும், செலவு தன்னுடையது என்று. அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையை இறக்கும்போதுதான் பென்டிரைவ் பேச்சு வந்தது.

"இருக்கட்டும் முதலாளி, எல்லாம் முடியட்டும். பீரோவுலதான் இருக்கும்."

"இல்லக்கா. வாரவுக போறவுக எத்தனை பேரு. எவன் கை எப்படின்னு நமக்கென்ன தெரியும்?" என்று சொன்ன நாச்சியப்பனின் கண் வாசலில் நின்ற வீரணனின் மகன்கள் மேல் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

அவளுக்குச் சுருக்கென்றது. எழுந்து போய் பீரோவைத் திறந்தாள்.

அந்தச் சாவியைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு நாச்சியப்பனுக்குக்கூடத் தெரியாது. தினமும் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்ட கதை. நாலைந்து வருஷத்துக்கு முன்னால் எவனோ நாச்சியப்பனின் இணையதளப் பெயரைத் திருப்பிவிட்டு, அதே மாதிரி ஒரு போலியைக் காட்டி, ஒரு கல்யாணத்து மொய்ப்பணத்தையே சுருட்டிவிட்டான். அதற்குப் பிறகு மலையாண்டி ஒரு ஏற்பாடு செய்தான். பெயரைத் தேடி வருகிற கம்ப்யூட்டருக்கு, இதுதான் அசல் என்று ரகசியச் சாவியால் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற ஏற்பாடு. அந்தச் சாவியை அவ்வப்போது மாற்ற வேண்டும். புதுசைப் போடுவது சின்ன வேலை. பழசை எப்போது எடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இணையப் பெயர்களைப் பதிந்து வைக்கிற மேலிடத்தில் மாற்றிய பிறகும், உலகத்தில் அங்கங்கே இருக்கிற கம்ப்யூட்டர்கள் பழைய சாவியின் அடையாளத்தையே கொஞ்ச காலம் ஞாபகம் வைத்திருக்கும். அது மறக்கிற வரைக்கும் பழசும் இருந்தாக வேண்டும். முந்திக்கொண்டு எடுத்தால், பழைய ஞாபகத்தோடு வருகிறவனுக்கு அசலே போலியாகத் தெரியும். கதவு திறக்காது.

"இன்னும் நேரம் ஆகல, பொறுங்க" என்று சொல்லிச் சொல்லியே மலையாண்டிக்குக் கம்பெனியில் 'பொறுங்க அண்ணன்' என்று பெயர் விழுந்துவிட்டது. டீ கொண்டுவருகிற பையன்கூட டம்ளரை எட்டப் பிடித்துக்கொண்டு "பொறுங்கண்ணே" என்பான். நாச்சியப்பனுக்குப் பொறுமை கிடையாது. சென்னையில் ஒரு கம்பெனிக்காரன் குறைந்த கூலிக்குச் செய்கிறேன் என்றதும், இந்த மாதத்தோடு நின்றுகொள்ளச் சொல்லி மலையாண்டிக்குப் போனில் சொல்லிவிட்டான். அது திங்கட்கிழமை. மலையாண்டி அப்போது சாவி மாற்றுகிற வேலையின் நடுவில் இருந்தான்; புதுசைப் போட்டாயிற்று, சர்வரிலும் பென்டிரைவிலும் இருந்த பழசை இன்னும் எடுக்கவில்லை. வேலை போன பிறகும் அதை விடவில்லை, ரோஷங்கெட்ட மனுஷன்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோவில் அவள் அவன் நெஞ்சை நீவிவிட்டுக்கொண்டே வந்தாள். அவன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். மகனைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறான் என்று குனிந்தாள்.

"முதலாளி கேட்டா சொல்லிரு. சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பழசைத் தொடக் கூடாது."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் பேசவே இல்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு ஒரு வார்த்தை இல்லை, பெற்ற பிள்ளைக்கு ஒரு வார்த்தை இல்லை. கடைசி மூச்சையும் விரட்டிவிட்டவனுக்கே கொடுத்துவிட்டுப் போய்விட்டான். செத்தவன் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். அவளுக்குக் கோபந்தான் வந்தது.

பென்டிரைவைக் கொண்டுவந்து நாச்சியப்பனின் கையில் வைத்தாள்.

"இதைப் பத்தி அண்ணன் ஏதும் சொன்னாகளாக்கா?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணும் சொல்லல."

சொன்னதும் வயிறு குளிர்ந்தது. படட்டும். நாளைக்கு மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்துகொண்டு கல்யாணம் தெரியவில்லையே என்று அத்தனை பேரும் இவனைக் கூப்பிட்டுத் திட்டட்டும். அப்போது தெரியும், பொறுங்க அண்ணன் யார் என்று.

நாச்சியப்பன் வாசலுக்குப் போய்ச் சென்னைக்காரனைப் போனில் கூப்பிட்டான். ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவான், அது அவன் பழக்கம்.

"பழசு சர்வர்ல இருக்குல்ல? அழிச்சிருங்க."

"ஒரு நாள் விட்டுச் செய்யலாமா சார்?"

"நீங்களும் பொறுங்கன்னு சொல்றதா இருந்தா, நான் அந்தாளையே வச்சிருந்திருப்பேனே. அழிங்க."

கண்ணாடிக்கு அடியில் இருந்தவனுக்கு அது கேட்டிருக்க வழியில்லை. கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. எவன் கையிலும் சிக்கக் கூடாது என்று நாச்சியப்பன் பென்டிரைவைத் தேங்காய் உடைக்கிற கல்லில் வைத்து, இன்னொரு கல்லால் இரண்டு போடு போட்டான். சில்லு தெறித்து வாழைப்பழத் தாரின் பக்கம் விழுந்தது.

நீர்மாலைத் தண்ணீர் வந்தது. குளிப்பாட்டினார்கள். தெரு குறுகல் என்பதால், திரும்பவும் முன்கூடத்தில் பெஞ்சைப் போட்டுத்தான் கிடத்தினார்கள். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. வாய்க்கரிசி போட வரிசை நின்றது. பொன்னுத்தாயியின் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையும் வந்து இறங்கிவிட்டது. வீரணனின் போனில் உதயகுமார் கூப்பிட்டான்.

"அம்மா, சூப்பர்வைசர் அவரு கம்ப்யூட்டரைக் குடுத்திருக்காரு. பக்கம் தொறக்க மாட்டேங்குது. வெள்ளையா நிக்குது."

"இங்க கண்ணாடி மாதிரி வருதே" என்று நாச்சியப்பன் தன் போனை நீட்டினான். வந்தது. மலையாண்டியின் மூக்கில் வைத்த பஞ்சுகூடத் தெரிந்தது. "அங்குட்டுத்தான் ஏதோ கோளாறு. திரும்பப் போடச் சொல்லுங்க."

"போட்டுட்டேன்மா. மூணு வாட்டி போட்டுட்டேன். வேற கம்ப்யூட்டர்லயும் பாத்துட்டேன். அந்தப் பேரை நம்ப முடியாதுன்னு சொல்லுது."

பழைய ஞாபகத்தோடு வருகிறவன். காலையிலிருந்து நாச்சியப்பனையே நினைத்துக் கறுவிக்கொண்டிருந்தவளுக்கு, அந்தக் கதவுக்கு வெளியே நிற்கப்போவது யார் என்று தோன்றவே இல்லை.

"முதலாளி, அந்தப் பழசைத் திரும்ப வைங்க. சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் தொடக் கூடாதுன்னு சொன்னாக. ஆட்டோவுல வாரப்பச் சொன்னாக."

நாச்சியப்பன் கல்லைப் பார்த்தான். சென்னைக்காரனைக் கூப்பிட்டான். இங்கே அழித்தாயிற்று, அந்த பென்டிரைவ் இருந்தால் உடனே வைக்கலாம் என்றது போன்.

"ஏங்க்கா, இதை நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. வரிசையில் நின்ற அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"பொழுது எறங்குது" என்றான் வீரணன். "முகத்தை மூடுங்கடா."

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் பொன்னுத்தாயி.

பின்னால் நின்ற கம்பெனிப் பையன்களில் ஒருத்தன், பழக்கதோஷம், சிரித்துவிட்டான். உடனே வாயைப் பொத்திக்கொண்டான்.

"அம்மா" என்றது போன். "அப்பா எப்படி இருக்காகன்னு நீயாவது சொல்லு."

அவள் பார்த்தாள். நாடிக்கட்டை மீறி வாய் ஒரு பக்கம் கோணிக் கிடந்தது. ஒரு கண் சரியாக மூடவில்லை.

"தூங்குற மாதிரி இருக்காகய்யா."

"நெசமாவா?"

"நெசம்."

வீரணன் துணியை இழுத்து மூடினான். சங்கு ஊதியது. தூக்கினார்கள்.

கேத வீட்டுச் சாமானை அன்றைக்கே எடுக்கக் கூடாது என்று கேமராக்காரன் மூன்று கால் தாங்கியோடு கேமராவை மூலையிலேயே விட்டுவிட்டுப் போனான். ஒயரைக்கூடப் பிடுங்கவில்லை. பதிவு கேட்டதற்கு, ஓசி நேரலைக்குப் பதிவு போடுவதில்லை என்றான்.

மறுநாள் சாயங்காலம் பொன்னுத்தாயி அந்த மூலையில், கேமராவுக்குக் கீழே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுவிவிட்ட தரை இன்னும் முழுசாகக் காயவில்லை. தலைமாடு இருந்த இடத்தில் விளக்கு எரிந்தது. வெயில் நிலைப்படியை விட்டு இறங்குகிற நேரம் போன் அடித்தது. உதயகுமார் விமான நிலையத்தில் இருந்தான்.

"அம்மா, இப்ப தொறந்துருச்சு."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நம்ம வீடு நல்லாத் தெரியுதும்மா. வெளக்கு தெரியுது. பெஞ்சைச் சாத்தி வச்சிருக்காக." விமான அறிவிப்பு ஒன்று குறுக்கே ஓடி முடிந்தது. "நீ எங்கம்மா இருக்க? முன்னாடி வாயேன், உன்னையாவது பாக்குறேன்."

"அடுப்படியில இருக்கேன்ய்யா" என்றாள் பொன்னுத்தாயி.

நீட்டியிருந்த காலைச் சத்தமில்லாமல் உள்ளே இழுத்துக்கொண்டாள்.