ஆளுக்கொரு மூடி

கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் உப்புத்தண்ணீர்த் தொட்டி கட்டிப் பவளம் வளர்க்கிற கிறுக்கன் ராயபுரத்திலேயே தன் மகன் ஒருத்தன்தான் என்று சௌக்கத் அலி கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அலுத்துக்கொள்வார். அந்தக் கிறுக்கன் தௌசீஃப், எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரியில் அடிபட்டு மௌத்தாகிவிட்டான். இனி யாரைச் சொல்லி அலுத்துக்கொள்வது?

மௌத்தான வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அக்கம்பக்கத்தார் சோறு கொண்டுவந்தார்கள். தொட்டிக்கு யார் கொண்டுவருவார்கள்? பவளம் வளர வளரத் தண்ணீரிலுள்ள காரச்சத்தைத் தின்றுவிடும். ஆல்கலினிட்டி என்பான் தௌசீஃப். அதை ஈடுகட்ட தினமும் ஒரு மூடி மருந்து ஊற்றுவான். சௌக்கத் அலி பார்த்திருக்கிறார். விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து, யாருக்கும் தெரியாமல் ஒரு மூடி ஊற்றினார். வாய் ஓயாமல் திட்டிய தொட்டிக்குத் தானே ஊழியம் செய்ய வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த ஒரு மூடிக்காகத்தான் அவர் படுக்கையைவிட்டு எழுந்தார்.

சில நாளிலேயே பவளங்களின் நுனி வெளுத்தது. பிறகு சதை உரிந்து விழ ஆரம்பித்தது. பதறிப்போய், வண்ணமீன் கடை வைத்திருக்கும் மகனின் தோஸ்து அம்புரோஸை வரவழைத்தார். அவன் தண்ணீரைச் சோதித்துவிட்டுத் தலையில் கைவைத்தான்.

“இன்னா பாய், ஆல்கலினிட்டி எக்கச்சக்கமா ஏறிக்கீது. யாரு இத்தினி ஊத்தினது?”

“தெனம் ஒரு மூடிதாம்ப்பா. நான்தான் ஊத்தினேன்.”

“நீங்களா?” மனைவி அஜீசாவுக்கு முகம் செத்துவிட்டது. “நான் மத்தியானத்துல ஊத்திக்கினு இருந்தேனே. உங்களுக்குத்தான் அதைக் கண்டாலே ஆவாதே.”

புருஷன் மௌத்தானதால் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இத்தாவில் இருந்த மருமகள் ஜஸீமாவின் குரல் திரைக்குப் பின்னாலிருந்து உடைந்து வந்தது. “மாமி, நானும் ஊத்தினேன். உங்களுக்கு நெனப்பு இருக்காதுன்னு...”

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று ஊர் சுலபமாகச் சொல்லிவிடும். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய்ச் சொல்லிப் பாருங்கள். மூன்று பேரும் ஆளுக்கொரு மூடி ஊற்றியிருக்கிறார்கள். யாரை யார் ஏசுவது?

“பாதி பூட்ச்சி பாய்,” என்றான் அம்புரோஸ் மெதுவாக. “மீதியாவது பொழைக்கணும்னா கொஞ்ச நாளைக்கு யாரும் கை வெக்காதீங்க. அது தானா எறங்கிடும். நீங்க சும்மா இருந்தாலே போதும்.”

சௌக்கத் அலி தொட்டிக் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

“அதாம்ப்பா முடியல,” என்றார். “அவனுக்குன்னு செய்ய வேற இன்னா கீது?”