ஸ்தமாத்தாவின் தண்ணீர்

பெலாயியா என்ற அந்தக் கிரேக்கக் கடலோரக் கிராமத்தில் வீட்டு மனையைப் போலக் கடலையும் பட்டை பட்டையாகப் பங்கு பிரித்திருந்தார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை, மாதா திருநாளன்று, பொழுது சாய்வதற்குள் அவரவர் பட்டையில் நீந்திப்போய் எதிரே இருக்கும் பாறையைத் தொட வேண்டும். தொடாவிட்டால் வலப்பக்கத்துக்காரருக்குப் போய்விடும்.

ஜெர்மனியில் நர்ஸ் வேலை பார்க்கும் ஸ்தமாத்தா அதற்காகவே வந்திருந்தாள். அம்மா அவளுக்கு விட்டுப்போனது அந்தத் தண்ணீர் ஒன்றுதான். நீச்சலுடையோடு இறங்கினாள். தண்ணீர் தரைபோல் இறுகி அவளைத் தாங்கியது, கணுக்கால்கூட நனையவில்லை. எகிறிக் குதித்தாள். பாதம் வலித்ததுதான் மிச்சம்.

கரையில் தம்பி லெஃப்தேரி வாடகைக்கு விடும் மிதிபடகுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு மஞ்சள் படகுகள்.

"உன் தண்ணி சும்மாதானே கிடந்துச்சுக்கா, அதுலதான் படகு விட்டேன். அஞ்சு வருஷமா பிளாஸ்டிக்கைச் சுமந்தே பழகிடுச்சு. இனி ஆளை உள்ள விடாது."

"உன் பட்டையில ஓட்டறதுக்கு என்னடா கேடு?"

"அது புதுசாவே இருக்கட்டும்னுதான்."

அவளுடைய வலப்பக்கத்துக்காரன் அவனேதான். அது உறைத்ததும் ஸ்தமாத்தாவுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. கூடப்பிறந்தவனாம், வெட்கங்கெட்டவன்!

தண்ணீர்மேல் விறுவிறுவென்று நடந்தாள். பாறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த துறைமுக அலுவலர் கிரியாகோஸ் நிமிர்ந்து பார்த்தார்.

"நடந்து வந்தா செல்லாதும்மா. நீந்தித்தான் வரணும். அரை மணி நேரம் இருக்கு."

திரும்பிக் கரைக்கு நடந்தாள். மீட்புப் படகிலிருந்து ஒரு துடுப்பை உருவிக்கொண்டு வந்தாள்.

"போறவன் வர்றவனையெல்லாம் சுமந்தியே, என்னைத் தெரியலையா உனக்கு?" என்று தண்ணீரை ஓங்கி அடித்தாள். அது அசையவில்லை. மறுபடி அடித்தாள். ஏழாவது அடியில் இறுகிக் கிடந்த மேலோடு விரிசல் விட்டது. அடியில் அம்மா காலத்துத் தண்ணீர் வெதுவெதுப்பாகக் கிடந்தது. துடுப்பை வீசிவிட்டு உள்ளே பாய்ந்தாள். கை வீசும்போதெல்லாம் தம்பியைத் திட்டினாள். திட்டி முடிப்பதற்குள் பாறை வந்துவிட்டது.

கிரியாகோஸ் அவள் பெயருக்கு எதிரே டிக் போட்டார். "அடுத்து லெஃப்தேரி!"

லெஃப்தேரி தன் பட்டையில் இறங்கினான். அது மறுப்புச் சொல்லாமல் இடுப்பளவு உள்ளே விட்டது. ஆனால் ஐந்து வருஷம் படகு துடைத்த கைகளுக்கு நீச்சல் மறந்துபோயிருந்தது. அவை தண்ணீரின் மேற்பரப்பை வட்டமாகத் துடைத்தன. ஒரு முழம்கூட நகரவில்லை.

"அக்கா, கையை எப்படி வைக்கணும்?" என்று கத்தினான்.

ஸ்தமாத்தா பாறைமேல் உட்கார்ந்து தலைமுடியைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சூரியன் இறங்கிவிட்டது.

லெஃப்தேரியின் வலப்பக்கத்துப் பட்டை பேக்கரிக் கழுதையுடையது. காலையிலேயே முதல் ஆளாக நீந்திவந்து பாறையைத் தொட்டிருந்தது. கிரியாகோஸ் லெஃப்தேரியின் பட்டைக்கு எதிரே அதன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

லெஃப்தேரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு கழுதையிடம் போனான். அந்தப் பட்டையில் படகு விட அனுமதி வேண்டும் என்றான்.

கழுதை வாயிலிருந்த ரொட்டியை மென்று விழுங்கியது.

"உங்க அக்காகிட்ட இப்படி வந்து ஒரு வார்த்தை கேட்டியா?" என்றது.