பத்துக் கந்தாங் மாவு, முப்பத்தேழு காத்தி

1908ஆம் வருஷம், ஒரு திங்கட்கிழமை காலை. இடம்: சிராங்கூன் ரோட்டில் சேக் தாவூது ராவுத்தரின் கோதுமை மாவுக் கடை. ராவுத்தர் தராசுக்கும், மாவு முகந்து அளக்கும் கந்தாங் படிக்கும் பின்னால் முக்காலியில் இருந்தார். மாவு சலிக்கும் பாக்கியலட்சுமி வாசல் வெளிச்சம் விழும் இடத்தில் சல்லடையோடு உட்கார்ந்திருந்தாள். கடிதம் எழுத அழைக்கப்பட்ட நான், வேலாயுதம், கோதுமை மூட்டைமேல் இருந்தேன். வண்டிக்காரர் முத்துசாமி உட்காரவில்லை. ராவுத்தர் இருமுறை சொல்லியும் நின்றுகொண்டே இருந்தார்.

காரணம், நான் சற்று முன் படித்துக்காட்டிய கடிதம். டோபி காட்டுக்கு அப்பால் வடநாட்டுக் காவலாளிகள் தங்கும் விடுதியிலிருந்து வந்தது. 'வாரந்தோறும் பத்துக் கந்தாங் மாவு அனுப்புவதாக எழுதுகிறீர். இங்கே அளந்தால் ஒன்பதுதான். வண்டிக்காரன் வழியில் கை வைக்கிறான். அவனை நீக்காவிட்டால் வேறு கடை பார்ப்போம்.'

"பதினோரு வருஷமா மாடு ஓட்டுறேன் மொதலாளி. ஒரு பிடி மாவு எடுத்திருந்தா என் கை வெளங்காது" என்றார் முத்துசாமி.

"நான் உன்னைச் சொல்லலியேப்பா. பதில்ல என்ன எழுதுறதுன்னுதான் யோசிக்கிறேன்."

எதையும் எடை போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நான் சொன்னேன். ஒரு கந்தாங் கோதுமை தராசில் ஆறு காத்தி எடை. ஆகவே பத்துக் கந்தாங் மாவு அறுபது காத்தி இருக்க வேண்டும் என்று கணக்கும் போட்டேன். அன்றைக்குப் போக வேண்டிய பத்துக் கந்தாங்கை எங்கள் கண்ணெதிரே அளந்து கட்டி ராவுத்தர் தராசில் ஏற்றினார். முப்பத்தேழு காத்தி.

முத்துசாமிதான் வாயைத் திறந்தார்.

"எழுத்துக்காரய்யா, வண்டி இன்னும் பூட்டவே இல்ல. அதுக்குள்ள இருபத்து மூணு காத்திய நான் தின்னுட்டேனா?"

பாக்கியலட்சுமி சல்லடையால் வாயை மறைத்துச் சிரித்தாள்.

"கோதுமை எடைய மாவுக்குப் போட்டா எப்படிங்க? மணி கனக்கும், மாவு காத்தாத்தான் நிக்கும். நான் சலிச்சதும் பூத்துக் கெடக்கு, அதைத்தான் அளக்குறீங்க. வண்டி குலுக்குனா அது உக்காந்துராதா?"

நான் போட்ட கணக்கை அடித்தேன். அடித்தது மட்டும் போதாது என்று தோன்றியது. மூட்டை வாயை நூலால் கட்டி, முடிச்சில் அரக்கு வைத்தேன். வண்டியில் மூட்டைக்குப் பக்கத்தில் நானே ஏறிக்கொண்டேன். டோபி காட் வரை போய்த் திரும்பினோம். சாலையின் பள்ளம் ஒவ்வொன்றும் என் முதுகில் எழுதியது.

கடைக்கு வந்ததும் முடிச்சைப் பார்த்தோம். அரக்கு அப்படியே இருந்தது. முதலில் தராசு. முப்பத்தேழு காத்தி, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிறகு அவிழ்த்து அதே கந்தாங்கால் அளந்தோம். ஒன்பது நிறைந்தது. பத்தாவதற்கு அடியில் ஒட்டுகிற அளவுதான் இருந்தது.

முத்துசாமி அப்போதுதான் உட்கார்ந்தார். "சரி, இப்ப எழுதுங்க" என்றார்.

ராவுத்தர் சொல்லச் சொல்ல எழுதினேன்: எடை மாறாமல் அளவு மட்டும் குறைந்த விதம், அரக்கு வைத்த விவரம், இனி மாவை அளந்து அல்ல, நிறுத்தே அனுப்புவோம், அங்கும் நிறுத்தே வாங்கிக்கொள்ளவும் என்பது. அவர் கடைசியில் நிறுத்தி, "வண்டிக்காரன்னு அவங்க எழுதுனாங்கல்ல. நீ 'ர்' போட்டு எழுது" என்றார்.

'எங்கள் வண்டிக்காரர் முத்துசாமி இந்த மூட்டையைக் கொண்டுவருகிறார். இனியும் அவரே கொண்டுவருவார்' என்று எழுதி, அந்த வரியை உரக்கப் படித்தேன்.

"அந்த 'ர்' நல்லாத் தெரியுதா?" என்று முத்துசாமி எட்டிப் பார்த்தார்.

"ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்னாலும் தெரியும்" என்றேன்.

கடிதத்தை மடித்தேன். மூட்டைக்கு வைத்த அரக்கின் மிச்சத்தையே உருக்கி ஒட்டினேன். ராவுத்தர் அதன்மேல் தம் மோதிரத்தை அழுத்தி, கடிதத்தை முத்துசாமியின் கையிலேயே கொடுத்தார். முப்பத்தேழு காத்தியோடு வண்டி மறுபடி டோபி காட் பக்கம் திரும்பியது.